திரை நம்முடையது, பிரிண்டர் ஊருக்குப் பொது

யூனிக்ஸ் அல்லது லினக்ஸ் சர்வர் ஒன்றில் கணக்கு வாங்கி உள்ளே நுழைகிறவர்கள் சீக்கிரமே தெரிந்துகொள்ளும் கட்டளைகளில் இரண்டு இவை. கோப்பில் என்ன இருக்கிறது என்று திரையில் பார்க்க ‘கேட்’. அதையே தாளில் எடுக்க ‘எல்பிஆர்’. இரண்டும் ஒரே வேலை போலத் தோன்றும்: கோப்பைப் படி, எங்காவது கொண்டுபோய்க் கொட்டு. ஆனால் கேட் மாதிரி ஒரு நிரலைக் கல்லூரி மாணவர் ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். எல்பிஆர் அப்படி இல்லை. அதன் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது, பின்னணியில் எப்போதும் காத்திருக்கும் டீமன் என்ற நிரல் ஒன்று இருக்கிறது, தனி டைரக்டரி, அனுமதி விதிகள், யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்ற கணக்கு எல்லாம் இருக்கின்றன. ஏன் இத்தனை வித்தியாசம்?

திரைக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு என்று சொல்லத் தோன்றும். அது சரியில்லை. இந்தப் பிரிவு உருவான காலத்தில் திரையே பெரும்பாலும் கிடையாது.

1960-களில் பரவலாக இருந்த டெர்மினல் டெலிடைப் மாடல் 33 போன்ற தட்டச்சு எந்திரம். விசையைத் தட்டினால் எழுத்து கணினிக்குப் போகும். கணினியின் பதில் அதே எந்திரத்தில் தாள் சுருளில் அச்சாகி வரும். நொடிக்கு 10 எழுத்து, வரிக்கு 72 எழுத்து, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும். ஆக, ‘காட்டு’ என்றாலும் தாள்தான், ‘அச்சிடு’ என்றாலும் தாள்தான். வித்தியாசம் அது யாருடைய தாள் என்பதில் இருந்தது. முன்னால் இருக்கும் டெலிடைப், உட்கார்ந்திருக்கும் வரை அவருடையது. கணினி அறையில் இருக்கும் பெரிய லைன் பிரிண்டர் எல்லோருக்கும் பொது.

பொதுவானதை விட்டுவிட்டு அவரவர் டெலிடைப்பிலேயே அடித்துக்கொள்ளலாமே என்றால், வேகம் விடாது. ஆயிரம் வரி உள்ள ஒரு நிரல், வரிக்குச் சராசரி 40 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். டெலிடைப்பில் 4,000 நொடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். 1959-இல் ஐபிஎம் கொண்டுவந்த 1403 லைன் பிரிண்டர் நிமிடத்துக்கு 600 வரி அடித்தது. அதே நிரல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவு விலையுள்ள எந்திரத்தை ஆளுக்கு ஒன்று வைக்க முடியாது. எனவே ஒன்றை வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். பிரச்சினைகளும் அங்கேதான் ஆரம்பித்தன.

முதல் பிரச்சினையே பாதுகாப்புதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழி செய்த முன்னோடி அமைப்புகளில் ஒன்று. அதன் முதல் செயல்விளக்கம் 1961 நவம்பரில் நடந்தது. பயனர்களுக்குத் தனித்தனிக் கடவுச்சொல், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற ஒதுக்கீடு எல்லாம் இருந்தன. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. டெர்மினலில் இருந்து அடுத்தவர் கோப்பைப் பார்க்க முடியாது. ஆனால் பொது பிரிண்டருக்கு வேறு ஒரு வாசல் இருந்தது: கணக்கு எண்ணையும் கோப்புப் பெயரையும் ஒரு துளை அட்டையில் குத்திக் கொடுத்தால், கணினி அறை ஊழியர்கள் அந்தக் கோப்பை அச்சிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். அட்டையைக் கொடுப்பவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. 1962-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடவுச்சொற்கள் இருந்த கோப்புக்கே ஷெர் அட்டை போட்டார். சனிக்கிழமை அதிகாலையில் அலமாரியைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு போனார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியே சொன்னார்.

அதே அமைப்பில் 1966-இல் நடந்த இன்னொரு சம்பவம், காட்டுவதிலும் ஆபத்து உண்டு என்பதற்கு உதாரணம். இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். மற்றவர், உள்ளே நுழைகிறவர்களுக்கெல்லாம் முதலில் காட்டப்படும் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். அவர்கள் பயன்படுத்திய எடிட்டர் நிரல் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியது, இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவருடைய டெர்மினலிலும் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன.

யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் கதை வேறு மாதிரி. 1971-இல் அதை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் வைத்திருந்த பிடிபி-11/20 கணினிக்கு 24 கிலோபைட் நினைவகம், அரை மெகாபைட் வட்டு. ஆவணம் தயாரிக்க உதவும் என்று சொல்லித்தான் அந்த எந்திரத்தையே நிர்வாகத்திடம் வாங்கினார்கள். வெளியில் இருந்து வந்த முதல் வாடிக்கையாளர்கள் காப்புரிமைத் துறையின் தட்டச்சர்கள். பெரிய அச்சு வேலைகள் சிலவற்றை அதே வளாகத்தில் ஜிகாஸ் என்ற இயக்குதளத்தில் ஓடிய பெரிய கணினிக்கு அனுப்பினார்கள். அந்தக் கணினியோ ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் யாருடைய கணக்கில் எழுதுவது என்று சொல்லும் அடையாள அட்டை கேட்டது. அந்த விவரத்தை எங்கே வைப்பது? பயனர் பட்டியல் இருக்கும் கோப்பிலேயே ஒரு கட்டத்தை ஒதுக்கினார்கள். நேர்த்தியான ஏற்பாடு இல்லை என்று ரிட்சியே பிறகு எழுதினார்.

அந்தக் கட்டம் இன்னும் போகவில்லை. இன்றைக்குப் புதிதாக நிறுவிய லினக்ஸிலும் கடவுச்சொல் கோப்பின் ஐந்தாவது கட்டத்துக்கு ஜிகாஸ் என்றே பெயர். இப்போது அதில் பயனரின் முழுப்பெயர் இருக்கும். இன்னொரு கணினியின் பிரிண்டரில் தாள் எடுப்பதற்காகப் போட்ட ஒரு தற்காலிக ஒட்டு, ஐம்பது ஆண்டு தாண்டியும் நம் கைப்பேசி அளவுக் கணினிகளில்கூட இருக்கிறது.

‘பிஆர்’ என்ற கட்டளையும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். இது எதையும் அச்சிடுவதில்லை. அச்சுக்குத் தயார் செய்கிறது. கோப்பைப் பக்கம் பக்கமாக வெட்டி, தேதி, பெயர், பக்க எண் சேர்த்துத் தருகிறது. பக்கத்துக்கு 66 வரி என்று கணக்கு வைக்கிறது. அதில் மேலே ஐந்து, கீழே ஐந்து போக உள்ளடக்கத்துக்கு 56. ஏன் 66? லைன் பிரிண்டரின் மடிப்புத் தாள் 11 அங்குல உயரம், அங்குலத்துக்கு ஆறு வரி. ஏ4 தாள் வைத்திருப்பவர் பிஆர் கொடுத்துவிட்டுப் பக்கம் ஏன் சரியாக உட்காரவில்லை என்று குழம்பினால், காரணம் அந்த மடிப்புத் தாள்.

சரி, எல்பிஆருக்கு வருவோம். இன்று பெரும்பாலானவர்கள் அறிந்த வடிவம் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் பதிப்புகளில் வளர்ந்தது. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டியில் அது முழு உருவம் பெற்றது. கட்டளை கொடுத்ததும் எல்பிஆர் பிரிண்டரைத் தொடுவதே இல்லை. கோப்பின் நகல் ஒன்றை, அச்சுக்குக் காத்திருப்பவை கிடக்கும் ஸ்பூல் டைரக்டரியில் எடுத்து வைக்கிறது. கூடவே, யார் அனுப்பினார், எந்தக் கணினியில் இருந்து, கோப்பின் பெயர் என்ன என்று எழுதிய சிறிய கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்றையும் வைக்கிறது. பிறகு ‘எல்பிடி’ என்ற டீமனைத் தட்டி எழுப்பிவிட்டு முடிந்துவிடுகிறது. வரிசைப்படி எடுத்து அச்சிடுவது டீமனின் பாடு. பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தாலும் நீங்கள் லாக்அவுட் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நகல் எடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் முறை வர அரை மணி ஆகலாம். அதற்குள் நீங்கள் கோப்பைத் திருத்தலாம், அழிக்கலாம். அனுப்பிய நேரத்தில் என்ன இருந்ததோ அதுதான் அச்சாக வேண்டும். ஆனால் வட்டு இடம் அரிதாக இருந்த காலத்தில் பெரிய கோப்புக்கெல்லாம் இன்னொரு நகல் என்பது ஆடம்பரம். எனவே ‘-எஸ்’ என்ற தெரிவு கொடுத்தார்கள்: நகல் வேண்டாம், மூலக் கோப்புக்கு ஓர் இணைப்பு மட்டும் போதும். இந்த வசதி பின்னாளில் வினையானது. அச்சு வேலைகளுக்கு மூன்று இலக்க எண்தான் கொடுத்தார்கள். ஆயிரம் வேலைக்குப் பிறகு பழைய எண் திரும்பவும் வரும். இணைப்பாக ஒரு வேலையை வைத்துவிட்டு, ஆயிரம் வேலைகளை அனுப்பி எண்ணைச் சுற்ற வைத்தால், புதிய நகல் அந்தப் பழைய இணைப்பின் வழியாகப் போய் வேறொரு கோப்பின் மேல் எழுதப்படும். எல்லா அனுமதியும் உள்ள நிர்வாகக் கணக்கான ரூட்டின் அதிகாரத்தோடு எல்பிஆர் ஓடியதால், கடவுச்சொல் கோப்பைக்கூட அப்படி மாற்றிவிட முடிந்தது. அச்சிடும் கட்டளை வழியாக ஒரு கணினியையே கைப்பற்றலாம் என்றால் நம்பக் கஷ்டம்தான். ஆனால் பொதுச் சாதனத்தை எல்லோர் சார்பிலும் தொடுகிற நிரலுக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தே ஆகவேண்டும், கூடுதல் அதிகாரம் உள்ள நிரலைத்தான் எல்லோரும் குறிவைப்பார்கள்.

மற்ற விதிகளையும் இதே கண்ணோடு பார்த்தால் புரியும். வரிசையை யார் வேண்டுமானாலும் ‘எல்பிகியூ’ கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் ‘எல்பிஆர்எம்’ கொடுத்து நீக்குவதென்றால் தன் வேலையை மட்டும்தான், அடுத்தவருடையதை ரூட் மட்டுமே நீக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் பயனர் பெயரைப் பெரிய எழுத்தில் தாங்கிய ஒரு பக்கம் வரும். மடிப்புத் தாள் இடைவெளியில்லாமல் வந்துகொண்டே இருக்கும்போது, ஒருவருடையது எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் கொடுப்பவருக்குத் தெரிய வேண்டுமே. இன்று ஒரே ஆள் பயன்படுத்தும் பிரிண்டரில் அந்தப் பக்கம் வந்தால் தாள் வீண், ‘-எச்’ கொடுத்து நிறுத்தலாம். பிரிண்டர் விவரங்கள் இருக்கும் ‘பிரிண்ட்கேப்’ கோப்பில் ஒரு வேலை இவ்வளவு பெரிதாக இருக்கலாம், இத்தனை பிரதிக்கு மேல் கூடாது என்று வரம்பு போடலாம். யார் எத்தனை பக்கம் எடுத்தார்கள் என்று கூட்டிச் சொல்ல ‘பேக்’ என்று தனிக் கட்டளையே உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று: பெர்க்லி எல்பிஆர் கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து, அது இயக்கத்தக்க நிரலாக இருந்தால் அச்சிட மறுத்துவிடும். அனுபவத்தில் பிறந்த விதி என்று பார்த்தாலே தெரிகிறது. நிரல் கோப்பில் புதுப் பக்கக் குறியாகத் தற்செயலாக அமையும் பைட்டுகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் பிரிண்டர் ஒரு தாளைத் தள்ளும். கேட் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. தன் டெர்மினலை ஒருவர் குப்பையால் நிரப்பிக்கொண்டால் அது அவர் பாடு.

பொது பிரிண்டர் என்றால் இன்னொரு கதையையும் சொல்லாமல் விட முடியாது. மாசசூசெட்ஸ் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பிரிண்டர் வேறு மாடியில் இருந்தது, அடிக்கடி தாள் சிக்கியது. காத்திருப்பவர்களுக்கு அது தெரியாது. போய்ப் பார்த்தால் ஒன்றும் அச்சாகியிருக்காது. அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய பிரிண்டரின் மென்பொருளைத் திருத்தி, சிக்கல் வந்தால் வரிசையில் உள்ள எல்லோருடைய டெர்மினலுக்கும் செய்தி போகும்படி செய்திருந்தார். யாராவது ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்வார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் புதிய லேசர் பிரிண்டர் ஒன்றைக் கொடுத்தது. மூல நிரல் தரவில்லை. அதே திருத்தத்தை அதில் செய்ய முடியாமல் போன எரிச்சல், யாரும் திருத்திப் பகிரக்கூடிய மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை 1983-இல் அவர் அறிவித்ததற்கான காரணங்களில் ஒன்று என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

காட்டும் பக்கம் எப்படி மாறியது? திரை உள்ள டெர்மினல் வந்ததும் புதிய தொல்லை. தாளில் அடித்தால் பின்னால் சுருண்டு கிடக்கும், எடுத்துப் பார்க்கலாம். 24 வரி, 80 எழுத்து கொண்ட திரையில் மேலே போனது போனதுதான். 1978-இல் பெர்க்லியில் டேனியல் ஹால்பர்ட் எழுதிய ‘மோர்’ ஒவ்வொரு திரைக்கும் நின்று காத்திருந்தது. பின்னோக்கிப் போவதில் அது தடுமாறியதால், 1980-களின் நடுவில் மார்க் நூடல்மன் ‘லெஸ்’ எழுதினார். லெஸ் கோப்பு முழுவதையும் முதலில் படிப்பதில்லை, தேவையான பகுதியை மட்டும் எடுக்கிறது. பல ஜிகாபைட் பதிவுக் கோப்பையும் உடனே திறப்பது அதனால்தான். டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ் இயக்குதளத்திலும் இதே பிரிவு உண்டு: டெர்மினலில் காட்ட ‘டைப்’, பொது வரிசைக்கு அனுப்ப ‘பிரிண்ட்’. தனிக் கணினிகளுக்கான டாஸ் இயக்குதளம் இந்த இரண்டு பெயர்களையுமே வைத்துக்கொண்டது, ஆளுக்கு ஒரு கணினி ஆனபிறகும்.

திரை நம்முடையதுதான், அதனால் காட்டும் கட்டளைகளால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கேட் கோப்பில் உள்ள பைட்டுகளை அப்படியே டெர்மினலுக்கு அனுப்புகிறது. எஸ்கேப் எழுத்தில் தொடங்கும் சில வரிசைகளை டெர்மினல் எழுத்தாகக் காட்டாது, கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: நிறத்தை மாற்று, கர்சரை நகர்த்து, திரையைத் துடை. பழைய டெர்மினல்கள் சிலவற்றில், திரையில் இருப்பதை விசைப்பலகையில் தட்டியது போலவே கணினிக்குத் திருப்பி அனுப்பச் சொல்லும் வரிசையும் இருந்தது. பொதுக் கணினியில் யாரோ ஒருவர் ‘படித்துப் பார்’ என்ற மாதிரிப் பெயரில் கோப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனால், அதை கேட் கொடுத்துப் பார்க்கும் நிர்வாகி தன் கையாலேயே கட்டளை கொடுத்தது போல ஆகிவிடும். லெஸ் இந்த வகையில் எச்சரிக்கையானது. கட்டுப்பாட்டு எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் குறிகளாக மாற்றிக் காட்டுகிறது, இருமக் கோப்பு என்று சந்தேகப்பட்டால் பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறது. யார் எழுதியதோ தெரியாத கோப்புக்கு லெஸ்தான் சரி என்பது என் கருத்து. தெரியாமல் கேட் கொடுத்துத் திரை கன்னாபின்னா என்று ஆகிவிட்டால், ஒன்றும் தெரியாவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘ரீசெட்’ என்று தட்டி என்டர் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால் லெஸ்ஸுக்கும் ஒரு பின்வாசல் உண்டு. அதற்குள் இருந்தபடியே ஆச்சரியக்குறி தட்டி எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். பதிவுக் கோப்பைப் பார்க்க மட்டும்தானே என்று ஒரு பயனருக்கு, ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட விடும் சூடோ வழியாக லெஸ் கொடுத்தால், ரூட்டையே கொடுத்ததாக அர்த்தம். ‘லெஸ்செக்யூர்’ என்ற சூழல் மாறியை 1 என்று வைத்தால் இந்த வசதி அடைபடும். பகிர்ந்த சர்வர்களை நிர்வகிப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

தமிழ்க் கோப்பு என்றால் இரண்டு பக்கமும் தனிச் சிக்கல். 1403-இன் வழக்கமான அச்சுச் சங்கிலியில் மொத்தமே 48 குறிகள். ஆங்கிலச் சிறிய எழுத்துக்கே அதில் இடமில்லை. இன்றைய யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆக 15 பைட்டுகள். கேட் பைட்டுகளை அப்படியே கடத்துவதால் டெர்மினல் ஒழுங்காக இருந்தால் தமிழ் தெரியும். லெஸ்ஸோ சர்வரின் மொழி அமைப்பைப் பார்க்கிறது. அது பழைய ‘சி’ அமைப்பில் இருந்தால், தமிழ் வரிக்குப் பதில் அடைப்புக்குறிக்குள் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள் வரிசையாக வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மொழி அமைப்பை யுடிஎஃப்-8 ஆக்கினால் போதும். அச்சுக்கு, பழைய ‘ஏ2பிஎஸ்’, ‘என்ஸ்கிரிப்ட்’ இரண்டும் யுடிஎஃப்-8 அறியாதவை. ‘பேப்ஸ்’ என்ற நிரல் பாங்கோ நூலகத்தின் உதவியால் கொம்பு, கால் எல்லாம் உரிய இடத்தில் வரும்படி அடுக்கித் தருகிறது. அதன் வெளியீட்டை எல்பிஆருக்குக் குழாய் போட்டு அனுப்பலாம்.

இன்று எல்பிஆர் என்று தட்டினால் பெரும்பாலும் ஓடுவது பெர்க்லியின் பழைய நிரல் அல்ல. மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999-இல் வெளியான கப்ஸ் என்ற அமைப்புதான் பின்னால் இருக்கிறது. ஆப்பிள் 2002-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.2-இல் அதைச் சேர்த்துக்கொண்டது, 2007-இல் மூல நிரலையே வாங்கியது. பெர்க்லியின் எல்பிஆர், எல்பிகியூ, எல்பிஆர்எம், பெல் ஆய்வகத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி வழி வந்த ‘எல்பி’, ‘எல்பிஸ்டாட்’, ‘கேன்சல்’ என இரண்டு குடும்பத்துக் கட்டளைகளும் அதில் வேலை செய்கின்றன.

பழைய எல்பிகியூவில் ஒரு சங்கடம் இருந்தது. கோப்புப் பெயர் எல்லோருக்கும் தெரியும். ராஜினாமாக் கடிதத்தை அந்தப் பெயரிலேயே சேமித்து அச்சுக்கு அனுப்பினால், அலுவலகம் முழுக்க வரிசையில் படித்துவிடும். குழாய் வழியாக அனுப்பினால் கோப்புப் பெயருக்குப் பதில் ‘ஸ்டாண்டர்ட் இன்புட்’ என்று மட்டும் வரும் என்பதைத் தெரிந்தவர்கள் அப்படித் தப்பித்தார்கள். கப்ஸின் இயல்பான அமைப்பிலேயே அடுத்தவர் வேலையின் பெயரும் அனுப்பியவர் பெயரும் மறைக்கப்படுகின்றன. ஆனால் நகல் எடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. தாளை நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு போன பிறகும், உங்கள் கோப்பின் நகல் சர்வரின் ஸ்பூல் டைரக்டரியில் 86,400 நொடி, அதாவது ஒரு நாள் முழுக்க இருக்கும். மறுபடி அச்சிடக் கேட்டால் கொடுப்பதற்காக. சம்பளப் பட்டியலோ மருத்துவ அறிக்கையோ அச்சிடும் இடமாக இருந்தால், கப்ஸ் அமைப்புக் கோப்பில் ‘பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ்’ என்ற வரியை ‘நோ’ என்று மாற்றச் சொல்லி நிர்வாகியிடம் கேட்டுக்கொள்ளலாம்.